டீசலுக்கு எந்தக் கார்டு?

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி லாரி லாரியாகப் போகும் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வது உண்டு. சுரங்கத்தில் அதை வெட்டுவது பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டர். அனல்மின் நிலையத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது கன்வேயர் பெல்ட். 1956 நவம்பரில் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷனாகத் தொடங்கி, 2016இல் என்எல்சி இந்தியா என்று பெயர் மாறிய நிறுவனத்தின் பிரதான வேலையில் லாரிக்கு இடம் குறைவுதான். இயந்திரங்கள் தம் பங்கை முடித்த பிறகே லாரிக்கு வேலை வருகிறது. எரித்து மிஞ்சிய சாம்பல், வெளி ஆலைகள் விலைக்கு எடுக்கும் நிலக்கரி, டவுன்ஷிப்புக்கும் அதையடுத்த மந்தாரக்குப்பத்துக்கும் வந்து இறங்கும் சிமென்ட், கம்பி, ஜல்லி, அரிசி, பக்கத்துப் பண்ருட்டியிலிருந்து கிளம்பும் பலாவும் முந்திரியும் எல்லாம் சாலை வழியாகத்தான் போயாக வேண்டும். நாடு முழுவதும் இருப்பதுபோலவே இங்கும் சுமப்பவர்களில் பெரும்பாலோர் ஒற்றை வண்டிக்காரர்கள். மிஞ்சிப்போனால் இரண்டு, மூன்று வண்டி வைத்திருப்பவர்கள். ஒரு வண்டியின் ஓட்டச் செலவில் ஏறக்குறைய பாதியை டீசலே விழுங்கிவிடுகிறது. அந்தப் பாதியை எதைக் கொடுத்து வாங்குவது என்பது இவர்களுக்குச் சில்லறைக் கேள்வி இல்லை.

பெட்ரோல் பங்கில் நீட்ட இரண்டு கார்டுகள் இருக்கின்றன. ஒன்று எண்ணெய் நிறுவனங்கள் தரும் ஃப்ளீட் கார்டு: இந்தியன் ஆயிலின் எக்ஸ்ட்ராபவர், பாரத் பெட்ரோலியத்தின் ஸ்மார்ட்ஃப்ளீட், இந்துஸ்தான் பெட்ரோலியத்தின் டிரைவ்டிராக் பிளஸ். உரிமையாளர் முன்கூட்டியே பணம் போட்டு வைக்கிறார். வண்டி எண்ணுக்கு ஒரு கார்டு வருகிறது. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று வரம்பு வைக்கலாம். அந்த நிறுவனத்தின் பங்குகளில் மட்டும் தேய்க்கலாம். தேய்த்ததற்குப் புள்ளிகள் சேரும். மற்றது வங்கியின் கிரெடிட் கார்டு. இதில் செலவாவது வங்கியின் பணம். பில் தேதியைப் பொறுத்து 20 முதல் 50 நாள் வரை வட்டி இல்லை. அதற்குப் பிறகு மாத வட்டி. இரண்டையும் விற்பவர்கள் தள்ளுபடியையும் புள்ளிகளையும் பற்றியே பேசுகிறார்கள், வாங்குபவர்களும் அதையே விசாரிக்கிறார்கள். தள்ளுபடியை வைத்து இந்தத் தேர்வைச் செய்யக் கூடாது என்பது என் கட்சி. வாடகைப் பணம் எந்தத் தேதியில் கைக்கு வருகிறது என்பதை வைத்தே செய்ய வேண்டும். வரும் தேதி உறுதியாக இல்லாத தொழிலில், கட்டும் தேதி உறுதியாக இருக்கும் கடனைக் கொண்டு டீசல் அடிப்பது ஆபத்து.

முதலில் தள்ளுபடியின் கதையைப் பார்த்துவிடலாம். எரிபொருள் கார்டைப் பற்றி இணையத்தில் கிடைக்கும் ஆலோசனைகளில் பெரும்பகுதி அமெரிக்க லாரிக்காரர்களுக்காக எழுதப்பட்டவை. அங்கே பல டிரக் ஸ்டாப்புகளில் ரொக்க விலை ஒன்று, கிரெடிட் விலை ஒன்று. எரிபொருள் கார்டு வைத்திருப்பவருக்குக் கேலனுக்கு இவ்வளவு சென்ட் என்று பலகை விலையிலிருந்தே கழிவு கிடைக்கும். நம் ஊரில் பங்க்காரர் தம் இஷ்டத்துக்கு விலையைக் குறைக்க முடியாது. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டை மத்திய அரசு விலக்கியது, 2017 ஜூன் 16 முதல் தினசரி விலை மாற்றம் வந்தது. ஆனாலும் ஒரு பங்கில் ஒரு நாளில் எல்லோருக்கும் ஒரே விலைதான். நூறு லாரி வைத்திருப்பவருக்கும் ஒற்றை லாரிக்காரருக்கும் பம்ப் காட்டும் எண்ணில் வித்தியாசம் இல்லை. ஆகவே அமெரிக்க எரிபொருள் கார்டின் தலையாய பயன் இங்கே அநேகமாக இல்லாத பயன். புள்ளிகள் உண்டு, அவை நூற்றுக்குச் சில காசுகள்.

அந்தக் காசுகளும் நிலையாக நிற்பதில்லை. பணமதிப்பிழப்பை ஒட்டி 2016 டிசம்பரில், கார்டில் எரிபொருள் வாங்கினால் 0.75 சதவீதம் தள்ளுபடி என்று அறிவித்தார்கள். அடுத்த மாதமே, 2017 ஜனவரியில், கார்டு பரிவர்த்தனைக்கு ஒரு சதவீதக் கட்டணத்தைத் தங்கள் தலையில் கட்டுவதாகச் சொல்லி, கார்டையே வாங்க மாட்டோம் என்று பங்க் உரிமையாளர்கள் கிளம்பினார்கள். அரசு தலையிட்டுச் சமாதானம் செய்தது. பிறகு 0.75 என்பது 0.25 ஆகச் சுருங்கியது. 2019 அக்டோபர் 1 முதல் கிரெடிட் கார்டுக்கு அதுவும் இல்லை என்றாகிவிட்டது. மூன்று ஆண்டுகூட முழுதாக நிற்காத சலுகையை நம்பி ஒரு தொழிலின் பாதிச் செலவைத் திருப்பிவிட முடியாது.

காசு மிச்சம் பிடிப்பதுதான் குறி என்றால், கார்டைவிடப் பெரிய மிச்சம் வரைபடத்தில் இருக்கிறது. கடலூரைத் தாண்டி முள்ளோடையில் புதுச்சேரி எல்லை தொடங்குகிறது. வரி வித்தியாசத்தால் அங்கே டீசல் தமிழ்நாட்டைவிட மலிவு. 2024, 2025 ஆண்டுகளில் லிட்டருக்கு ஐந்து ரூபாய்க்குக் குறையாத இடைவெளி இருந்தது. 300 லிட்டர் அடித்தால் 1,500 ரூபாய். இதற்கு ஈடாக எந்தக் கார்டும் எந்தப் புள்ளியும் தராது. இதற்காகவே நெய்வேலியிலிருந்து காலி வண்டியை ஓட்டிப்போனால் போக வர நூறு கிலோமீட்டருக்கு இருபது லிட்டராவது எரியும், அதாவது சுமார் 1,800 ரூபாய். மிச்சம் பிடிக்கப் போன இடத்தில் கைப்பிடித்தம். சரக்கே அந்தப் பக்கம் போகிறதென்றால் மட்டும் அது லாபம். எங்கே அடிப்பது என்பதில் இருக்கும் பணம், எதைத் தேய்ப்பது என்பதில் இல்லை.

இப்போது ஒரு வண்டியின் மாதக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். நெய்வேலியிலிருந்து விருத்தாசலம் வழியாக அரியலூர் சுமார் 80 கிலோமீட்டர். சிமென்ட் ஆலைகள் அடர்ந்த வட்டாரம் அது. நாளுக்கு ஒரு நடை போய் வந்தால் மாதம் ஏறக்குறைய 5,000 கிலோமீட்டர். பாரம் ஏற்றிய பத்துச் சக்கர வண்டிக்கு லிட்டருக்கு 4 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் 1,250 லிட்டர். டீசல் 92 ரூபாய் என்று கொண்டால் மாதச் செலவு 1,15,000 ரூபாய். ஃப்ளீட் கார்டில் நூற்றுக்கு ஐம்பது காசு புள்ளியாகத் திரும்புகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம்: 575 ரூபாய். கிரெடிட் கார்டில் எரிபொருளுக்கு ஒரு சதவீத சர்சார்ஜ் உண்டு: 1,150 ரூபாய். அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 207 ரூபாய். ஆக 1,357. பெரும்பாலான வங்கிகள் இந்த சர்சார்ஜைத் திருப்பித் தருவதாக விளம்பரம் செய்கின்றன. அடிக்குறிப்பைப் படித்தால், ஒரு தடவைக்கு 400 ரூபாயிலிருந்து 4,000 அல்லது 5,000 ரூபாய் வரை அடித்தால்தான் அந்தச் சலுகை. மாதத்துக்கு 250 ரூபாய் போல ஓர் உச்சவரம்பும் இருக்கும். காரும் பைக்கும் வைத்திருப்பவரை மனத்தில் வைத்துச் செய்த ஏற்பாடு இது. தினம் ஒரு நடைக்கு மட்டும் 40 லிட்டர் அடிக்கும் லாரிக்காரருக்கு ஏழாவது நடையிலேயே மாதச் சலுகை தீர்ந்துபோகும். டேங்க் நிறைய அடிப்பவருக்கு முதல் தடவையே கிடைக்காது.

250 ரூபாய் திரும்பி வந்தது என்றே கொண்டால் சர்சார்ஜ் வகையில் கையைவிட்டுப் போவது 1,107 ரூபாய். ஆனால் கிரெடிட் கார்டு சராசரியாக ஒரு மாதம் வட்டியில்லாமல் பணம் தருகிறது. அந்த 1,15,000 ரூபாயை வெளியில் நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டிக்கு வாங்கியிருந்தால் மாதம் 2,300 ஆகியிருக்கும். அந்த வட்டி மிச்சம். 1,107 போக நிகரமாக 1,193 ரூபாய் லாபம். ஃப்ளீட் கார்டின் 575ஐவிட இது 618 ரூபாய் அதிகம். எண்ணெய் நிறுவனத்தோடு சேர்ந்து வங்கி தரும் கோ-பிராண்டட் கார்டாக இருந்தால் உச்சவரம்புக்கு உட்பட்டு இன்னும் கொஞ்சம் கூடும். நேர்மையாகச் சொன்னால், பில் தேதியில் முழுத் தொகையையும் தவறாமல் கட்டிவிடக்கூடியவருக்குக் கிரெடிட் கார்டே லாபம். என் கட்சிக்கு எதிரான வலுவான வாதம் இதுதான். இதை மூடிமறைத்துவிட்டு ஃப்ளீட் கார்டைப் புகழ்வதில் பொருளில்லை.

தவறினால் என்ன ஆகும் என்பதுதான் மீதிக் கணக்கு. கிரெடிட் கார்டு வட்டி பெரும்பாலும் மாதம் 3.5 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. கிராமத்துக் கணக்கில் சொன்னால் நூற்றுக்கு மூன்றரை ரூபாய் வட்டி. நெருக்கடியில் கைமாற்று கொடுப்பவர்களே கேட்கத் தயங்கும் விகிதம். 1,15,000 ரூபாய்க்கு ஒரு மாத வட்டி 4,025, அதற்கு ஜிஎஸ்டி 724, ஆக 4,750 ரூபாய்க்கு ஒரு ரூபாய்தான் குறைவு. தாமதக் கட்டணம் தனி. 618 ரூபாயாகச் சேர்த்த லாபத்தில் ஏறக்குறைய எட்டு மாதத்தை ஒரே ஒரு மாதத் தவறு தின்றுவிடுகிறது. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் போதும் என்று பில்லில் அச்சிட்டிருப்பது இன்னும் பெரிய பொறி. பாக்கி இருக்கும்வரை, அடுத்தடுத்து அடிக்கும் டீசலுக்கும் வட்டியில்லா நாட்கள் கிடையாது. தேய்த்த நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கும். லாரிக்காரர் நாளையும் டீசல் அடித்தாக வேண்டும், நிறுத்திவைக்க முடியாது. துணி வாங்கிக் கடன்பட்டவர் அடுத்த துணியை ஒத்திப்போடலாம். டீசலில் கடன்பட்டவருக்கு அந்த வசதி இல்லை. வட்டிக்குச் சட்டப்படி ஒரு கூரை இருந்ததா என்றால், ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது நியாயமற்ற வணிகம் என்று 2008இல் தேசிய நுகர்வோர் ஆணையம் சொன்னது. 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டது.

அப்படியானால் தவறுவதற்கான வாய்ப்பு எவ்வளவு? நெய்வேலியின் தனித்தன்மை இங்கேதான் வருகிறது. சாம்பலுக்கு லாரி தேவைப்படுவதைச் சட்டமே உறுதி செய்கிறது. 2021 டிசம்பர் 31 தேதியிட்ட சுற்றுச்சூழல் அமைச்சக அறிவிக்கை, அனல்மின் நிலையங்கள் சாம்பல் முழுவதையும் பயன்பாட்டுக்கு அனுப்ப வேண்டும் என்கிறது. பயன்படுத்தாமல் தேங்கும் சாம்பலுக்கு டன்னுக்கு 1,000 ரூபாய் சுற்றுச்சூழல் இழப்பீடு என்கிறது. ஆகவே சிமென்ட் ஆலைக்கும் சாம்பல் செங்கல் தயாரிப்பவருக்கும் நடை ஓடிக்கொண்டே இருக்கும். நடைக்கு உத்தரவாதம் கொடுத்த சட்டம், நடைக்கான கூலி எந்தத் தேதியில் வரும் என்பதைத் தொடவில்லை. பெரிய நிறுவனம் காண்ட்ராக்டருக்குத் தருகிறது, காண்ட்ராக்டர் புக்கிங் ஆபீஸுக்குத் தருகிறார், அங்கிருந்து லாரிக்காரருக்கு. நடுவில் ஒருவர் பில் போடத் தாமதித்தாலும், எடைச்சீட்டில் ஒரு கையெழுத்து விட்டுப்போனாலும், கடைசியில் நிற்பவருக்கு ஒரு வாரம், இரண்டு வாரம் தள்ளிப்போகும். அட்வான்ஸ் கொஞ்சம் கையில் வரும். பாக்கி வரும்போது வரும். மழைக்காலத்தில் நடையே குறைந்துபோகும் மாதங்களும் உண்டு. அந்த மாதங்களிலும் வண்டி டியூ நிற்காது, கார்டு பில்லும் நிற்காது.

இன்னொரு தடை அளவைப் பற்றியது. சிறு லாரிக்காரர்கள் பலர் வருமான வரிச் சட்டத்தின் ஊக வருமான முறையில் கணக்குக் காட்டுகிறார்கள். பத்து வண்டிக்கு மேற்படாதவர்களுக்கான வசதி அது. 12 டன்னுக்கு மேற்பட்ட கனரக வண்டிக்கு, மொத்த எடையில் டன்னுக்கு மாதம் 1,000 ரூபாய் வருமானம் என்பது விதி. 28.5 டன் வண்டிக்கு ஆண்டுக்கு 3,42,000 ரூபாய். நாம் போட்ட கணக்கில் ஆண்டு டீசல் செலவு 13,80,000, காட்டிய வருமானத்தைப்போல நான்கு மடங்கு. வங்கி கார்டு வரம்பை நிர்ணயிப்பது தனிநபர் வருமானத்தைப் பார்த்து. டீசலோ தொழிலின் புழக்கம். வரம்பு பாதி மாதத்தில் முட்டிக்கொள்ளும், பங்கில் கார்டு நிராகரிக்கப்படும். முட்டாமல் ஓடினாலும், ஓராண்டில் பத்து லட்சம் ரூபாய்க்கு மேல் கிரெடிட் கார்டு பில் கட்டியவரின் விவரத்தை வங்கி வருமான வரித் துறைக்கு அனுப்பியாக வேண்டும். மூன்றரை லட்சம் வருமானம் காட்டியவர் பதினான்கு லட்சம் கார்டில் கட்டியிருக்கிறாரே என்று கேள்வி வந்தால் பதில் சொல்லிவிடலாம், தவறு ஏதும் இல்லை. ஆனால் பதில் சொல்வதற்கு ஆடிட்டர் வாங்கும் தொகை எந்தப் புள்ளியையும் மிஞ்சும். தனிப்பட்ட உபயோகத்துக்குத் தந்த கார்டைத் தொழிலுக்குத் தேய்க்கக் கூடாது என்று பல வங்கிகளின் நிபந்தனையில் இருப்பதும் சேர்ந்துகொள்கிறது. டீசல் ஜிஎஸ்டிக்கு வெளியே இருப்பதால், எந்தக் கார்டில் வாங்கினாலும் உள்ளீட்டு வரி திரும்பப் பெறும் பேச்சுக்கே இடமில்லை.

இதைக் கேட்டதும் அனுபவசாலிகள் ஒன்று சொல்வார்கள்: இரண்டு கார்டும் எதற்கு, காண்ட்ராக்டர் டீசல் சீட்டு தருகிறார், பங்கில் கணக்கு இருக்கிறது, வாடகையில் கழித்துக்கொள்கிறார்கள். உண்மை. கார்டு விற்பவர்கள் கண்ணில் படாத மூன்றாவது போட்டியாளர் இந்தச் சீட்டுதான். தேதிப் பிரச்சினையை இதைவிட அழகாகத் தீர்ப்பது வேறில்லை. வாடகை எப்போது வருகிறதோ அப்போதுதான் கடன் கழிகிறது. ஒற்றை வண்டிக்காரருக்கு இது கிடைத்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றே சொல்வேன். விலை என்ன என்பதை மட்டும் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். சீட்டில் அடித்த டீசலுக்குத் தனி வட்டி எழுதப்படாது. ஆனால் வாடகை விகிதத்தைப் பேசும்போது, சீட்டு வாங்குபவரால் ரொக்கம் கேட்பவரைப்போல அழுத்திப் பேச முடியாது. சீட்டு ஒரு பங்குக்கு மட்டுமே செல்லும். அந்த பங்க்காரரும் காண்ட்ராக்டரும் வைத்திருக்கும் கணக்கு லாரிக்காரர் கையில் இருப்பதில்லை. லிட்டரும் விலையும் தேதியும் போட்ட பம்ப் பில்லைச் சீட்டோடு சேர்த்துக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்கிறவருக்கு இதில் பாதிச் சிக்கல் இல்லை. வேலையை விட்டு வேறு காண்ட்ராக்டரிடம் போக நினைக்கும் நாளில்தான் சீட்டுப் பாக்கியின் முழு எடை தெரியும்.

ஃப்ளீட் கார்டின் பேரில் பெரிதாகச் சொல்லப்படும் இன்னொரு பெருமை, டிரைவர் மேல் கட்டுப்பாடு. எந்த வண்டி, எந்த பங்க், எத்தனை மணி, எவ்வளவு லிட்டர் என்று உரிமையாளர் செல்பேசிக்குச் செய்தி வந்துவிடும். மூன்று வண்டி வைத்து, மூன்றையும் வேறு ஆட்கள் ஓட்டும் மந்தாரக்குப்பத்துக்காரருக்கு இது பெரிய நிம்மதி. தானே ஓட்டும் ஒற்றை வண்டிக்காரருக்கோ, தன்னைத் தானே வேவு பார்க்க ஒரு கார்டு தேவையில்லை. கட்டுப்பாடு என்று சொல்வதிலும் ஒரு மிகை இருக்கிறது. 200 லிட்டருக்குத் தேய்த்தார்கள் என்பதைத்தான் கார்டு சொல்லும். டேங்கில் 200 இறங்கியதா என்று சொல்லாது. அதைச் சொல்வது கிலோமீட்டரும் மைலேஜும் எழுதிய நோட்டு. டிரைவர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. ரோட்டில் மாமூல், தார்ப்பாய் கட்டுகிறவருக்குக் கூலி, பஞ்சர், சாப்பாடு என்று சீட்டில்லாத செலவெல்லாம் இத்தனை காலம் டீசல் ரொக்கத்திலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. டீசலைக் கார்டுக்கு மாற்றிவிட்டு, வழிச்செலவுக்குத் தனியாகப் படி தராத உரிமையாளர் அந்தச் செலவை டிரைவர் தலையில் ஏற்றுகிறார். அதற்குப் பிறகு டீசல் குறைகிறது என்று புகார் சொல்வதில் அர்த்தமில்லை.

கூர்மையான ஆட்சேபம் ஒன்று இனிதான் இருக்கிறது. சொந்தப் பணத்தில் அடிப்பதுதான் உத்தமம் என்றால் ஃப்ளீட் கார்டும் எதற்கு, யுபிஐயில் ஸ்கேன் செய்தால் தீர்ந்தது. சர்சார்ஜ் இல்லை, எந்த பங்கிலும் செல்லும். இதை நான் ஏறக்குறைய முழுதாக ஒப்புக்கொள்கிறேன். தானே ஓட்டும் ஒற்றை வண்டிக்காரர், டீசலுக்கென்று ஒரு தனி வங்கிக் கணக்கு திறந்து, அட்வான்ஸ் வந்த கையோடு டீசலுக்கான தொகையை அதில் ஒதுக்கி, அங்கிருந்து யுபிஐயில் கட்டினால் ஃப்ளீட் கார்டு தரும் ஒழுங்கில் தொண்ணூறு சதவீதம் கிடைத்துவிடும். மீதிப் பத்து புள்ளிகளும், வண்டி எண்ணோடு வரும் மாத ஸ்டேட்மென்டும். நெய்வேலி போன்ற ஊரில், ஒரே பாதையில் திரும்பத் திரும்ப ஓடும் வண்டிக்கு ஒரே நிறுவனத்தின் பங்குகளோடு கட்டுண்டு கிடப்பது பெரிய குறையும் இல்லை. நாமக்கல், சங்ககிரியிலிருந்து மகாராஷ்டிரத்துக்கும் ஒடிசாவுக்கும் போகும் டிரெய்லர்களுக்குத்தான் ரொக்கம் சுமக்காமல் நாடு முழுக்க அடிக்கலாம் என்ற ஃப்ளீட் கார்டின் முழுப் பயனும் உண்டு. தனிக் கணக்கு என்று சொல்லிவிட்டு வீட்டு மளிகைக்கும் அதையே ஸ்கேன் செய்கிறவர்கள் ஃப்ளீட் கார்டே வாங்கிக்கொள்வது மேல். அதில் போட்ட பணத்தில் மளிகை வாங்க முடியாது. எனக்குத் தெரிந்து அந்தக் கார்டின் மிக உருப்படியான குணம் அதுதான். எந்த விளம்பரத்திலும் அதைப் போடுவதில்லை.

சொந்தப் பணமே இல்லாதவர் என்ன செய்வார் என்ற கேள்விக்கும் பதில் வேண்டும். ஸ்ரீராம் போன்ற வாகன நிதி நிறுவனங்கள் வண்டிக் கடனோடு டீசலுக்கும் டயருக்கும் குறுங்கடன் தருகின்றன. எண்ணெய் நிறுவனங்களின் ஃப்ளீட் கார்டோடு இணைத்துத் தரப்படும் கடனும் உண்டு. கிரெடிட் கார்டைவிட இவை லாரித் தொழிலை அறிந்தவை என்பதால் நான் இவற்றையே முதலில் பார்ப்பேன். எத்தனை நாள், நாள் தவறினால் என்ன விகிதம், தவறிய டீசல் பாக்கிக்காக வண்டியின் மேலேயே கை வைக்க உரிமை எழுதியிருக்கிறதா என்ற மூன்றையும் ஒப்பந்தத்தில் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். கிரெடிட் கார்டு சிபில் ஸ்கோரை உயர்த்தும், ஃப்ளீட் கார்டு உயர்த்தாது என்று ஒரு வாதம் உண்டு. வண்டி டியூவை மாதம் தவறாமல் கட்டுவதே ஸ்கோரில் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. வரம்பு முட்ட முட்ட டீசல் தேய்க்கும் கார்டு ஸ்கோரைக் கீழே இழுப்பதும் உண்டு. கிரெடிட் கார்டு பையில் இருக்கட்டும். நள்ளிரவில் சேத்தியாத்தோப்புக்குப் பக்கத்தில் டயர் வெடித்தால் அது காப்பாற்றும். பாக்கி இல்லாத கார்டாக இருந்தால்தான் அன்றைக்குக் காப்பாற்றும்.

ஆக, கிரெடிட் கார்டுக்கு எதிரான என் வழக்கு முழுவதும் ஒரே தூணில் நிற்கிறது: வாடகைக்குத் தேதி இல்லை. அந்தத் தூணை எடுத்துவிட்டால் வழக்கும் விழும். எடுக்கவும் வழி இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டத்தில் சேவைத் தொழிலும் அடங்கும். லாரிக்காரர் உத்யம் பதிவு செய்துகொள்ளலாம். பதிவு செய்தவருக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. வருமான வரிச் சட்டத்தில் 2024–25 மதிப்பீட்டு ஆண்டு முதல் சேர்ந்த ஒரு பிரிவு, குறு, சிறு தொழில்களுக்குக் காலக்கெடுவுக்குள் தராத தொகையைத் தந்த பிறகே செலவாகக் கழிக்கலாம் என்று வாங்குபவர் கழுத்தையும் பிடிக்கிறது. பெரிய நிறுவனங்களின் பில்லை முன்கூட்டியே பணமாக்கும் டிரெட்ஸ் மேடையும் இருக்கிறது. ஆனால் அது பெரிய நிறுவனத்துக்கு நேரடியாகப் பில் போடும் காண்ட்ராக்டர் வரைதான் எட்டுகிறது. அவருக்குக் கீழே நிற்கும் ஒற்றை வண்டிக்காரர் பெயரில் பில்லே இருப்பதில்லை. சட்டத்தைக் காட்டிக் காண்ட்ராக்டரிடம் மல்லுக்கு நின்றால் நாளைக்கு நடை கிடைக்காது என்ற பயம் வேறு. தனி ஆள் கேட்கத் தயங்குவதைச் சங்கம் கேட்கலாம். 2018 ஜூலையில் நாடு தழுவிய லாரி வேலைநிறுத்தம் எட்டு நாள் நடந்தது. டீசல் விலை, சுங்கக் கட்டணம், மூன்றாம் நபர் காப்பீடு ஆகியவை அதன் முக்கியக் கோரிக்கைகள். மூன்றும் டெல்லியில் முடிவாக வேண்டியவை. வாடகை பட்டுவாடாவுக்கு மாதத்தில் ஒரு தேதி என்பதை மந்தாரக்குப்பத்திலேயே பேசி முடிக்கலாம். சாம்பல் ஏற்றும் காண்ட்ராக்ட் புதுப்பிக்கப்படும்போது, துணை வண்டிக்காரர்களுக்கு இந்தத் தேதிக்குள் வாடகை என்ற ஒரு வரியை நிபந்தனையாகச் சேர்க்கச் சொல்லி, டெண்டர் விடும் நிறுவனத்திடமே மனு கொடுக்கலாம். அந்தத் தேதி கார்டு பில் தேதிக்கு நான்கு நாள் முன்னால் விழுமாறு அமைந்துவிட்டால், நான் மேலே போட்ட 618 ரூபாய்க் கணக்கைக் கிரெடிட் கார்டின் பெயரில் தாராளமாக வரவு வைத்துக்கொள்ளலாம்.